அண்டை வீட்டாரைக் காணாத கணினிகள்

பிம்ப்ரி-சிஞ்ச்வட் பகுதியின் பெரிய வாகன ஆலைகளை எல்லோரும் அறிவர். அவற்றுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைகளை அறிந்தவர் குறைவு. போசரி தொழிற்பேட்டையின் சந்துகளில் பத்து எந்திரம், பதினைந்து எந்திரம் என்று வைத்துக்கொண்டு இரவும் பகலும் ஓடுகின்ற அந்தக் கூடங்களுக்கு அண்மைக்காலமாக ஒரு புதுவகைக் கேள்வித்தாள் வந்து சேர்கிறது. வாங்கும் நிறுவனம் அனுப்புவது. தீயணைப்பான் உள்ளதா, அளவுக் கருவிகள் சரிபார்க்கப்பட்டனவா என்ற பழைய வினாக்களின் வரிசையில் இப்போது, ‘உங்கள் உற்பத்தித் தளத்து எந்திரங்கள் வலையமைப்பில் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கப்பட்டுள்ளனவா?’ என்றும் ஒரு வினா இருக்கிறது. ‘இல்லை’ என்று எழுதினால் விளக்கம் தர வேண்டும். விளக்கம் ஏற்கப்படாவிட்டால் வழங்குநர் பட்டியலில் இடம் ஆட்டம் காணும்.

சிறு தொழிற்கூடங்களின் வலையமைப்புப் பாதுகாப்பே என் முனைவர் பட்ட ஆய்வுப் பொருள். நான் குடியிருப்பது பிம்ப்ரியில். எனவே இந்த வினாவோடு என்னைத் தேடி வருபவர்கள் அவ்வப்போது உண்டு. அண்மையில் வந்தவர் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். முப்பது ஆண்டுகளாகப் போசரியில் பட்டறை நடத்துபவர். நான் அவரை அண்ணாச்சி என்றே அழைப்பேன். அவர் கேட்டது எளிய கேள்விதான்: “தம்பி, எல்லா மிஷினும் ஒரே பெட்டியிலதான செருகியிருக்கு. ஒரே பெட்டியில இருக்கிறத எப்படிப் பிரிக்க?”

இந்த ஒரு கேள்விக்குள் ஒரு பாடத்திட்டத்தின் பாதி அடங்கியிருக்கிறது. மாணவ நண்பர்கள் பலர் வலையமைப்பைத் தேர்வுக்காகப் படித்து மறந்திருப்பீர்கள் என்பதால் சற்று அடியிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு சுவிட்சில் செருகப்பட்ட கணினிகள் ஒன்றையொன்று நம்பும். நம்புவதற்குக் காரணம் கேட்காமலே நம்பும். ஓர் ஐ.பி. முகவரிக்கு உரிய வன்பொருள் முகவரி எது என்று அறிய ஒரு கணினி ‘இந்த முகவரி யாருடையது?’ என்று தளம் முழுவதற்கும் கூவுகிறது. எவர் ‘என்னுடையது’ என்று விடை சொல்கிறாரோ அவரையே அது ஏற்றுக்கொள்கிறது. ஏ.ஆர்.பி. எனப்படும் இந்நெறிமுறை 1982 நவம்பரில் ஆர்.எஃப்.சி. 826 ஆக வெளிவந்தது. ஒரே கம்பியில் இருப்பவர்கள் ஒரே கூடத்து ஆய்வாளர்கள், ஒருவரையொருவர் முகம் தெரிந்தவர்கள் என்ற காலத்தின் நெறிமுறை அது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அண்ணாச்சியின் எந்திரங்கள் அந்த நம்பிக்கையின்மீதுதான் ஓடிக்கொண்டிருந்தன.

அந்த நம்பிக்கைக்கு எத்தகைய விலை கொடுக்க நேரும் என்பதற்கு வெகுதொலைவு போக வேண்டியதில்லை. 2021 பிப்ரவரி இறுதியில் பிம்ப்ரி-சிஞ்ச்வட் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் 27 சர்வர்கள் பணயத் தீநிரலால் பூட்டப்பட்டன; நிக்டி காவல் நிலையத்தில் புகார் பதிவாயிற்று; அப்புகாரில் இழப்பு சுமார் 5 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டிருந்தது. இவ்வகைத் தாக்குதல்களில் நான் எப்போதும் கவனிப்பது இந்த எண்ணிக்கையைத்தான். ஒரு கணினி விழுவது விபத்து. அடுத்தடுத்துப் பல விழுந்தால், அவற்றுக்கு நடுவே யாரும் தடுக்காத ஒரு பாதை இருந்ததா என்று கேட்கத் தோன்றும்.

தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை 2022 நவம்பர் 23 அன்று தாக்கப்பட்டபோது அக்கேள்விக்கு அரசிடமிருந்தே விடை வந்தது. 2023 பிப்ரவரியில் மாநிலங்களவையில் அளிக்கப்பட்ட எழுத்துமூலப் பதில், வலையமைப்பு முறையாகப் பகுக்கப்படாமையே தாக்குதலுக்கு வழிவகுத்தது என்று ஒப்புக்கொண்டது. ஐந்து சர்வர்கள், ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு. நோயாளிச் சீட்டுகளை ஏறக்குறைய இரண்டு வாரம் கையால் எழுதினார்கள். ‘வலையமைப்புப் பகுப்பு’ என்ற சொற்றொடர் நாடாளுமன்றப் பதிவில் இடம்பெற்றது எங்கள் துறைக்கு ஒரு விசித்திரமான பெருமை. இப்படி இடம்பெற்றிருக்க வேண்டாம்.

மாறுபட்ட எடுத்துக்காட்டு நம் பக்கத்திலேயே இருக்கிறது. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினி ஒன்றில் தீநிரல் கண்டறியப்பட்டது. முதல் நாள் மறுப்பு வந்தது. மறுநாள், அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகம் உறுதிசெய்தது. தொற்றிய கணினி நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த வலையமைப்பில் இருந்தது என்றும், முக்கியமான உள்வலையமைப்பு அதிலிருந்து பிரிக்கப்பட்டிருந்தது என்றும் கழகம் கூறியது. மறுப்பையும் உறுதிப்பாட்டையும் பற்றி அரசியலாக நிறையப் பேசலாம். எனக்கு முக்கியமாகப் படுவது, அன்று கேட்கப்பட்ட எல்லாக் கேள்விகளும் ஈற்றில் ‘எது எதோடு இணைந்திருந்தது?’ என்பதில் வந்து நின்றமைதான்.

பட்டறைக்கு மிக நெருங்கிய கதை தைவானுடையது. 2018 ஆகஸ்டில், உலகின் பெரும் சில்லு உற்பத்தியாளரான டி.எஸ்.எம்.சி. நிறுவனத்தில் ஒரு புதிய எந்திரத்தை நச்சுநிரல் சோதனை செய்யாமல் வலையமைப்பில் இணைத்தார்கள். வன்னாகிரையின் ஒரு திரிபு அதிலிருந்து மற்ற எந்திரங்களுக்குப் பரவிற்று. மூன்றாம் காலாண்டு வருவாயில் சுமார் 3 விழுக்காடு பாதிக்கப்படும் என்று நிறுவனம் முதலில் மதிப்பிட்டது. உளவாளியும் இல்லை, ஊடுருவலும் இல்லை. அன்றாட நிறுவல் வேலையில் ஒரு படி விடுபட்டது, அவ்வளவே. உற்பத்தி எந்திரங்களின் உள்ளே இருக்கும் விண்டோஸ் பழையதாக இருப்பது இயல்பு. மென்பொருளைப் புதுப்பித்தால் எந்திர உற்பத்தியாளரின் உத்தரவாதம் போய்விடும். சில எந்திரங்களுக்குப் புதுப்பிப்பே கிடையாது. நோய்க்குத் தடுப்பூசி போட இயலாதவரை எப்படிக் காப்பது? யாரோடு பழகுகிறார் என்பதைத்தான் கட்டுப்படுத்த முடியும்.

அண்ணாச்சியின் கூடத்தில் பதினான்கு எந்திரங்கள்: சி.என்.சி. லேத்துகளும் வி.எம்.சி. எனப்படும் செங்குத்து எந்திர மையங்களும். வெட்டும் நிரல்களை அவற்றுக்கு அனுப்பும் சர்வர் ஒன்று. கணக்கு எழுதும் கணினி, விரல்ரேகை வருகைப்பதிவுக் கருவி, எட்டுக் கண்காணிப்புக் கேமரா, அவற்றுக்கான பதிவுப்பெட்டி. அனைத்தும் ஒன்றோடொன்று கோத்த இரு மலிவுச் சுவிட்சுகளில். கணக்குக் கணினியில் ஒரு மின்னஞ்சல் இணைப்பைத் திறந்தால், அதில் வந்தது எதுவானாலும் கூடத்தின் கடைசி லேத் வரை தடையின்றி நடந்து போகலாம்.

இதற்கு வழக்கமான மருந்து வீலேன். ஒரு சுவிட்சைப் பல மாயச் சுவிட்சுகளாகப் பகுப்பது. கணக்கு ஒரு வீலேன், எந்திரங்கள் இன்னொரு வீலேன், கேமரா மூன்றாவது. அதைச் செய்தோம், ஒரு மணி நேர வேலை. ஆனால் பதினான்கு எந்திரங்கள் அப்போதும் ஒரே வீலேனுக்குள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. தைவானில் நடந்தது அதுதானே? எந்திரத்திலிருந்து எந்திரத்துக்கு.

எந்திரத்துக்கு ஒரு வீலேன் என்று பதினான்கு உருவாக்கலாம். ஒவ்வொரு வீலேனுக்கும் தனி ஐ.பி. துணைவலை வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ரவுட்டரில் ஒரு வாசல் வேண்டும். எல்லாவற்றையும் விட, ஒவ்வோர் எந்திரத்தின் ஐ.பி. முகவரியையும் மாற்ற வேண்டும். பழைய கட்டுப்பாட்டுப் பெட்டிகள் சிலவற்றில் முகவரியை மாற்றச் சேவைப் பொறியாளரை அழைக்க வேண்டும். அவர் வருவதற்கு ஒரு தொகை, தங்குவதற்கு ஒரு தொகை. பெரிய தரவு மையங்களில் இதே சிக்கல் வேறு உருவில் எழுந்தது. வாடிக்கையாளர்கள் ஆயிரக்கணக்கில், வீலேன் எண்ணுக்குத் தரநிலை ஒதுக்கியதோ 12 பிட், பயன்படுத்தத்தக்கவை 4094 மட்டுமே. துணைவலைக்குத் துணைவலை முகவரிகள் வீணாகும் கணக்கு வேறு.

இங்கேதான் தனியார் வீலேன் வருகிறது. சிஸ்கோ நிறுவனத்தில் உருவான இம்முறையை ஹோம்சௌதுரி, ஃபோஸ்கியானோ என்ற இருவர் ஆவணப்படுத்த, அது 2010 பிப்ரவரியில் ஆர்.எஃப்.சி. 5517 ஆக வெளிவந்தது. கருத்து அழகானது. எல்லாக் கணினிகளும் ஒரே துணைவலையில், பழைய முகவரிகளோடேயே இருக்கட்டும். போர்ட்டுகளை மட்டும் மூவகையாக்குவோம். முதல்வகை, எல்லோரோடும் பேசவல்ல பொதுப்போர்ட். சர்வரும் ரவுட்டரும் அதில் நிற்கும். இரண்டாம் வகை, பொதுப்போர்ட்டோடு மட்டுமே பேசும் தனிப்போர்ட். மூன்றாம் வகை, தம் குழுவினரோடும் பொதுப்போர்ட்டோடும் பேசும் குழுப்போர்ட்.

உள்ளே நடப்பது இன்னும் சுவையானது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வீலேன். உள்ளே ஒரு முதன்மை வீலேனும் அதன் கீழ்ச் சில துணை வீலேன்களும். சர்வரிலிருந்து எந்திரத்துக்குப் போகும் ஃபிரேம் முதன்மை எண்ணில் பயணம் செய்கிறது. எந்திரத்திலிருந்து சர்வருக்கு வருவது துணை எண்ணில் வருகிறது. போகும் தெரு ஒன்று, வரும் தெரு ஒன்று. இரண்டும் ஒருவழிப் பாதைகள். தனி வீலேனின் வரும் தெருவில் எவரும் நுழையலாம். இறங்கும் இடம் பொதுப்போர்ட் மட்டும். ஆகவே பதினான்கு எந்திரங்களுக்கும் ஒரே ஒரு தனி வீலேன் எண் போதும். பதினான்காயிரம் எந்திரங்களுக்கும் அந்த ஒன்றே போதும். ‘இந்த முகவரி யாருடையது?’ என்ற கூவலும் அண்டை எந்திரத்தின் செவியில் விழாது. சர்வருக்கும் ரவுட்டருக்கும் மட்டுமே கேட்கும்.

பிம்ப்ரியில் இருந்துகொண்டு இதை விளக்க எனக்கு ஓர் உவமை கைவசம் உண்டு. 1954இல் இங்கே நிறுவப்பட்ட இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் ஆலை நாட்டுக்குப் பென்சிலின் தந்த இடம். நொதித்தல் கலன்களில் பென்சிலின் வளர்ப்பவர்களுக்குப் பெரிய பகை அயல்கிருமி. பென்சிலினைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கும் பாக்டீரியா ஒரு கலனில் புகுந்தால் அக்கலன் முழுதும் வீண். அத்தகைய ஆலைகளில் கலன்கள் நீராவியையும் கிருமிநீக்கிய காற்றையும் பொதுக்குழாய்களிலிருந்து பெறும். கலனுக்கும் கலனுக்கும் நேரடி உறவு இராது. தனிப்போர்ட் என்பது அப்படியொரு கலன். (காற்றுக்குழாயின் வடிகட்டி பழுதானால் என்ன ஆகும் என்று இப்போதே கேட்கும் மாணவர், கீழே வரப்போகும் சிக்கலை முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டார்.)

பெயர்களைப் பற்றி ஒரு சிறு விலகல். இம்மூவகைப் போர்ட்டுக்கும் ஆங்கில ஆவணம் சூட்டிய பெயர்களை அப்படியே மொழிபெயர்க்க முனைந்தபோது நான் திகைத்தேன். எல்லோரோடும் பேசும் போர்ட்டுக்கு ஆங்கிலத்தில் இருப்பது ஒழுக்கக்கேட்டைச் சுட்டும் ‘புரோமிஸ்க்யூயஸ்’ என்ற சொல். அதைத் தமிழில் எப்படி எழுதினாலும் வகுப்பறையில் சிரிப்பு எழும். ‘பொது’ என்ற நம் சொல் அதைவிட நாகரிகமானது, பொருத்தமும் கூடியது. குழுப்போர்ட்டின் ஆங்கிலப் பெயர் ‘கம்யூனிட்டி’. தமிழ்நாட்டு மாணவருக்குக் ‘கம்யூனிட்டி’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கும் சாதிச் சான்றிதழ். தனிப்போர்ட்டை ‘ஒதுக்கப்பட்ட போர்ட்’ என்று எழுதிய ஒரு பாடக்குறிப்பைப் பார்த்தேன். என் கை அங்கே நின்றுவிட்டது. ஒதுக்குதல், தள்ளிவைத்தல், ஊர்விலக்கம் என்ற சொற்களுக்கு நம் மண்ணில் உள்ள வரலாற்றை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் வாழும் மராட்டிய மாநிலம் சமூகப் புறக்கணிப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்க 2016இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்த்தால் அமைப்பு தலைகீழாக இருப்பது தெரியும். ஊர்விலக்கத்தில் ஒருவனுக்கு மறுக்கப்படுவது பொதுக்கிணறு, பொதுக்கடை, பொதுவழி. தனிப்போர்ட்டில் நிற்கும் எந்திரத்துக்குப் பொதுக்கிணறு முழு உரிமையோடு திறந்திருக்கிறது. நிறுத்தப்பட்டது அண்டைவீட்டுக்குள் தட்டாமல் நுழையும் வசதி மட்டுமே. அதுவும் எல்லா எந்திரத்துக்கும் ஒரே அளவில். ஆகவே ‘தனி’ என்ற சொல்லையே நான் வைத்துக்கொண்டேன். தனிவீடு, தனிவழி என்று நாம் சொல்லும்போது அதில் இழிவு இல்லை. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடும் நண்பர்கள் இதைவிட நல்லது கண்டால் சொல்லுங்கள். ‘ஒதுக்கிய’ மட்டும் வேண்டாம்.

பட்டறைக்குத் திரும்புவோம். எந்த எந்திரம் எதோடு பேச வேண்டும் என்ற பட்டியல் அண்ணாச்சியிடம் இல்லை. எந்திரங்களை விற்றவர்களிடமும் இல்லை. அது இருந்தது இயக்குபவர்களிடம். எனவே சுவிட்சைத் தொடுவதற்கு முன் இரண்டு ஷிப்டுகளிலும் எந்திரம் எந்திரமாக நின்று விசாரித்தேன். லாத்தூரிலிருந்து வந்த மூத்த இயக்குநர் ஒருவர், எல்லோரும் தாதா என்று அழைப்பவர், கையைத் துடைத்துக்கொண்டே மூலையில் இருந்த ஒரு கருவியைக் காட்டினார். வெட்டுக்கருவியின் நீளத்தையும் விட்டத்தையும் முன்கூட்டியே அளக்கும் கருவி அது. அளந்த எண்களை அது நேரே இரண்டு வி.எம்.சி.களுக்கு அனுப்புகிறது, சர்வர் வழியாக அன்று. அந்த எண் போய்ச் சேராவிட்டால் இயக்குபவர் கையால் தட்டச்சு செய்ய வேண்டும். ஒரு தசமப்புள்ளி இடம் மாறினால் கருவி பாகத்தில் மோதும். “அதைத் துண்டித்தால் எங்கள் தலையில்தான் விழும்” என்றார் மராட்டியில். அளக்கும் கருவியும் அவ்விரு எந்திரங்களும் ஒரு குழு வீலேனில் சேர்ந்தன. மீதிப் பன்னிரண்டும் தனி.

இந்த விசாரணையை ஆய்வேட்டில் ‘தேவைப் பகுப்பாய்வு’ என்று இரண்டு வரியில் எழுதிவிடுகிறோம். எழுதப்பட்ட வலையமைப்புப் படத்தில் இல்லாத உறவொன்று இயக்குபவரின் நினைவில் இருக்கிறது என்பதை மேற்கோள் காட்ட முறையான வடிவம் எதுவும் நம்மிடம் இல்லை. நெறியாளர்கள் இதை நேர்காணல் தரவாக ஏற்றுக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

கேமராக்கள் சிறு தலைவலி. அவற்றையும் தனிப்போர்ட்டாக்கலாம், பதிவுப்பெட்டியைப் பொதுவில் வைக்கலாம். ஆனால் ஒரு முதன்மை வீலேனுக்கு ஒரே ஒரு தனி வீலேன்தான் இருக்கலாம். எந்திரங்களோடு ஒரே முதன்மையில் வைத்தால் அந்த மலிவுப் பதிவுப்பெட்டி லேத்துகளையும் பார்க்கும். அதற்கென்று வேறொரு முதன்மை வீலேன் கொடுத்து முடித்தோம்.

வார விடுமுறையான ஒரு வியாழக்கிழமை மாற்றத்தைச் செய்தோம். பழைய பொருள் விற்பவரிடம் வாங்கிய சிஸ்கோ 3560 சுவிட்ச். (மாணவர்களுக்கு: 2960 வரிசையில் ‘காப்புப்போர்ட்’ மட்டுமே உண்டு, முழுத் தனியார் வீலேன் கிடையாது. காப்புப்போர்ட்டின் பிரிவு அந்த ஒரு சுவிட்சுக்குள்தான். அடுத்த சுவிட்சில் இருக்கும் எந்திரத்தோடு அது தடையின்றிப் பேசும். தனியார் வீலேனோ ட்ரங்க் வழியாக அடுத்த சுவிட்சிலும் தன் பிரிவைக் கொண்டுசெல்லும். பழைய சுவிட்சுகளில் வி.டி.பி.யை டிரான்ஸ்பரன்ட் நிலையில் வைத்தால்தான் இது இயங்கும்.) ஒரு லேத் நின்ற போர்ட்டில் என் மடிக்கணினியைச் செருகி, பக்கத்து லேத்தைப் பிங் செய்தேன். மௌனம். சர்வர் உடனே பதில் சொன்னது. அண்ணாச்சிக்கு மகிழ்ச்சி. கேள்வித்தாளை எடுத்துவரச் சொன்னார்.

எடுத்துவர வேண்டாம் என்றேன். காற்றுக்குழாய் மிச்சமிருந்தது.

தனிப்போர்ட்டில் நிற்கும் ஒரு கணினி, தன் அண்டைக்கான பொதியை உருவாக்கி, அதன் வன்பொருள் முகவரியாக மட்டும் ரவுட்டரின் முகவரியை எழுதி அனுப்பினால்? சுவிட்ச் வன்பொருள் முகவரியை மட்டும் பார்க்கும். ரவுட்டருக்குத்தானே போகிறது என்று அனுமதிக்கும். ரவுட்டர் ஐ.பி. முகவரியைப் பார்க்கும், அது தன் துணைவலையிலேயே இருக்கிறது என்று கண்டு, வந்த வழியே, போகும் தெருவில் இறக்கிவிடும். அண்டை எந்திரம் பொதியைப் பெற்றுக்கொள்ளும். சுவிட்சும் தன் விதியை மீறவில்லை, ரவுட்டரும் மீறவில்லை. இருவரும் தத்தம் கடமையைச் சரியாகச் செய்ய, இடையில் சுவர் காணாமல் போயிற்று. மடிக்கணினியின் ஏ.ஆர்.பி. அட்டவணையில் ஒரே ஒரு பதிவைக் கையால் மாற்றி இதைச் செய்து காட்டினேன். பக்கத்து எந்திரத்தின் கேபிளில் வைத்த இரண்டாம் கணினியில் பொதிகள் வரிசையாக வந்து விழுந்தன. அண்ணாச்சி நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதில் பொதி திரும்பாதே, அதனால் என்ன கெடுதல் என்று ஒரு கருத்தரங்கில் ஒருவர் வாதிட்டார். உண்மை, பெறுபவர் அதே வித்தையைச் செய்யாதவரை உரையாடல் ஒருவழிதான். இரு பக்கமும் கைகுலுக்க வேண்டிய வன்னாகிரை போன்றவை இதில் தடுமாறும். ஆனால் 2003 ஜனவரி 25 அன்று பரவிய ஸ்லாமர் புழுவுக்குக் கைகுலுக்கல் தேவைப்படவில்லை. அதன் உடல் மொத்தமே 376 பைட்டுகள். ஒரே ஒரு யு.டி.பி. பொதி. பாதிப்புக்கு இடம் கொடுத்த கணினிகளில் பெரும்பாலானவற்றை, சுமார் 90 விழுக்காட்டை, பத்து நிமிடத்துக்குள் அது பிடித்தது. ஒருவழிப் பாதையே போதும் என்பவர்களுக்கு ஒருவழிப் பாதையே ஆபத்து.

மருந்து கடினமன்று. ரவுட்டரில், முதன்மை வீலேனின் வாசலில் ஓர் அணுகல் பட்டியல் வைக்க வேண்டும்: இந்தத் துணைவலையிலிருந்து இதே துணைவலைக்குச் செல்வதாக வரும் பொதியை வீழ்த்து. நேர்மையான எந்திரம் எதுவும் அண்டைக்கான பொதியை ரவுட்டரிடம் கொடுக்காது. ரவுட்டரின் சொந்த முகவரிக்கு வருவதை அந்த விதிக்கு முன்னரே அனுமதித்துவிட வேண்டும். அதுவும் அதே துணைவலையில்தானே இருக்கிறது. சர்வருக்குப் போகும் போக்குவரத்து ரவுட்டரைத் தொடுவதே இல்லை என்பதால் அதற்குக் கேடில்லை. ‘லோக்கல் ப்ராக்ஸி ஏ.ஆர்.பி.’ என்ற வசதி அணைந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அது விழித்திருந்தால் வித்தை எதுவும் செய்யாமலே எந்திரங்கள் ரவுட்டர் வழியாக உறவாடத் தொடங்கும். சிஸ்கோவின் ஆவணங்களிலேயே இந்த ஓட்டையும் அடைப்பும் எழுதப்பட்டிருக்கின்றன. ஆயினும் போர்ட்டுகளைப் பிரித்ததோடு பணி முடிந்தது என்று கிளம்பிப் போகும் ஒப்பந்தக்காரர்களை நான் இந்த ஊரில் கண்டிருக்கிறேன். கேள்வித்தாளில் ‘ஆம்’ என்று எழுத அதுவே போதும் என்பதுதான் வேதனை.

இன்னொன்றையும் அண்ணாச்சியிடம் மறைக்கவில்லை. பொதுப்போர்ட்டில் நிற்கும் சர்வர் பதினான்கு எந்திரங்களையும் பார்க்கும். அது விழுந்தால் மேலிருந்து கீழ் எல்லாம் விழும். தனியார் வீலேன் தடுப்பது பக்கவாட்டு நகர்வை மட்டுமே. தனிப்போர்ட்டில் உள்ளவர் அண்டையின் ஐ.பி. முகவரியைத் தனதென்று ரவுட்டரிடம் பொய் சொல்வதையும் அது தடுக்காது. அதற்கு முகவரிப் பதிவுகளை நிலையாக எழுதி வைத்தோம். சர்வரில் தேவையற்ற சேவைகளை நிறுத்தி, வெட்டும் நிரல்களின் படியைக் கழற்றக்கூடிய வட்டில் வாரம் இருமுறை எடுக்க ஏற்பாடு செய்தோம். அந்த வட்டு வேலை முடிந்ததும் கழற்றப்பட்டு இரும்பு அலமாரிக்குப் போகிறது. மொத்த ஏற்பாட்டிலும் எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது அந்த அலமாரிதான்.

வலையமைப்புப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலையுயர்ந்த சுவிட்ச் இல்லாமலே இதைச் சோதிக்கலாம். லினக்ஸ் கருவகத்தின் பாலத்தில் 2018 முதல் ஒவ்வொரு போர்ட்டையும் ‘ஐசோலேட்டட்’ என்று குறிக்கும் வசதி இருக்கிறது. பழைய கணினியில் நான்கு மெய்நிகர் எந்திரங்களை எழுப்பி, மூன்றைத் தனியாக்கி, நான்காவதை ரவுட்டராக்கி, மேலே சொன்ன ஓட்டையை நீங்களே உண்டாக்கி நீங்களே அடைத்துப் பாருங்கள். ஒரு மாலைப் பொழுது போதும். விடுதி வைஃபையில் ‘கிளையன்ட் ஐசோலேஷன்’ என்று இருப்பதும் இதன் உறவுதான். அறைத்தோழனின் பிரிண்டர் கண்ணுக்குத் தெரியாமல் போவதற்கு யாரைக் கோபிப்பது என்று இப்போது தெரிந்திருக்கும்.

அண்ணாச்சியின் கூடத்தில் இன்னும் தீராத ஒரு போர்ட் உண்டு. எந்திரச் சேவைப் பொறியாளர் வரும்போது தம் மடிக்கணினியைச் செருகும் போர்ட் அது. ஒரே வாரத்தில் பல பட்டறைகளுக்குப் போய்வரும் கணினி. தைவானில் இணைத்த புதிய எந்திரத்தின் இடத்தில் இங்கே இருப்பது அதுதான். அதைத் தனிப்போர்ட்டில் வைத்தால் அவர் பழுதுபார்க்க வந்த எந்திரத்தையே பார்க்க முடியாது. குழுவில் வைத்தால் குழு முழுதும் திறக்கும். இப்போதைக்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: பழுதான எந்திரத்தின் கேபிளைச் சுவிட்சிலிருந்து பிடுங்கி, எந்திரத்தையும் மடிக்கணினியையும் நேரே ஒரு துண்டுக் கேபிளால் இணைப்பது, வேலை முடிந்ததும் மடிக்கணினியை அகற்றிவிட்டுப் பழைய கேபிளைச் செருகுவது. மடிக்கணினியிலிருந்து ஏதேனும் தொற்றினாலும் அது அந்த ஓர் எந்திரத்தோடும், தனிப்போர்ட் திறந்துவைத்திருக்கும் சர்வர்வழியோடும் நிற்கும். பொறியாளர்கள் முணுமுணுக்கிறார்கள். தாதா மட்டும் கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் போர்ட் எண்ணைச் சுண்ணக்கட்டியால் எந்திரத்தின் மேல் எழுதிவிட்டுத்தான் பிடுங்குகிறார்.

கேள்வித்தாளில் அந்த வினாவுக்கு எதிரே ‘ஆம்’ என்று எழுதி, கீழே குறிப்புக்கான இடத்தில் சேவைப் போர்ட்டைப் பற்றி நான்கு வரி சேர்த்து அனுப்பியிருக்கிறோம். தணிக்கையாளர் அடுத்த மாதம் வருகிறார்.